பின்னால் நின்று சொல்ல ஒரு ஆள்

பேட்டரி வயரைக் கழற்றித் தொங்கவிட்டு அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் வண்டிக்குள் எங்கோ அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. டிக்... டிக்... டிக்...

வயரிங்காரர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்தார். தகரக் கூரையில் மழை வலுத்திருந்தது. மூலையில் ஓட்டை வழியாக ஒழுகுகிற தண்ணீர், கீழே வைத்திருந்த பழைய கிரீஸ் டப்பாவில் ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதுதான், வேறென்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எழுந்து போய்க் காலால் டப்பாவை நகர்த்தினார். சொட்டு ஈரமண்ணில் சத்தமில்லாமல் விழுந்தது. திரும்பி வந்து வண்டியின் கதவோரம் குத்தவைத்தார்.

டிக்... டிக்...

இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டுக்கு அடியில் பிளாஷர் டப்பா அடிக்கிற சத்தம் அது. முப்பது வருஷமாகக் கேட்ட சத்தம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவார். பேட்டரி இல்லாமல் அது அடிக்காது. அடிக்க வழியே இல்லை. டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தீப்பெட்டி அளவு இருந்த அந்தத் தகர டப்பாவைப் பிடுங்கினார். சத்தம் நின்றது. ஆனால் டப்பா உள்ளங்கையில் அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் அதை மேசைமேல் வைக்கவில்லை. கொட்டகைக்கு வெளியே மழையில் வீசி எறிந்தார்.

வண்டிக்குத் தவளை என்று பெயர். பழைய காலத்துப் பிக்கப். உருண்ட முன்பக்கமும் அதில் புடைத்து நிற்கும் இரண்டு விளக்குகளுமாக, தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற தவளை மாதிரியே இருக்கும். பச்சைப் பெயின்ட் அடித்து வெயிலில் வெளுத்தது. வயரிங்காரரைவிட நாலைந்து வயது மூத்தது. சாயங்காலம் நாலு மணிக்கு, மழை பிடிப்பதற்குச் சற்று முன்னால், அதை ஓட்டிக்கொண்டு நாற்றுக்காரர் வந்தார். பின்னாலேயே ஸ்கூட்டரில் வயரிங்காரரின் மகள். கால்வாய்ச் சாலையில் இருக்கிற நாற்றுக்காரரின் பண்ணையில்தான் அவள் செடிகளுக்கு ஒட்டுக் கட்டுகிற வேலை பார்க்கிறாள்.

"என்ன வயரிங்காரரே, தவளைய மறந்துட்டீங்களா?" என்றார் நாற்றுக்காரர், கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி. "ரெண்டு வருஷம் கொட்டகையில படுத்துத் தூங்கிட்டு எந்திரிச்சிருக்கா. எலியெல்லாம் குடித்தனம் பண்ணிட்டுப் போயிருக்கு. ஆனா ஒரே சாவியில எஞ்சின் பிடிச்சிருச்சு பாத்துக்கங்க."

"புது வேன் என்னாச்சு?"

"அது புதுசுல்ல, அதான் படுத்திருச்சு." தானே சிரித்துக்கொண்டார். "பிரேக் கொஞ்சம் தாமசம். ரெண்டு மிதி மிதிச்சாத்தான் பிடிக்கும், அது அவ குணம். இண்டிகேட்டர்தான் நாலும் செத்துப்போச்சு. நாளைக்கு விடிஞ்சதும் ஐந்நூறு கன்னு ஏத்திட்டுப் போகணும். இறக்கி அடுக்க உங்க பொண்ணு பின்னாடியே ஸ்கூட்டர்ல வர்றேன்னிருக்கு."

வயரிங்காரர் மகளின் ஸ்கூட்டரைத் திரும்பிப் பார்த்தார். பின்னாடியே.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து நாற்றுக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்கு இந்த வண்டியத் தொடக் கஷ்டமா இருந்தா சொல்லிருங்க. டவுன்ல வேற ஆள்ட்ட..."

"வேண்டாம்." கேட்டு முடிப்பதற்குள் வாயில் வந்துவிட்டது. "வேற யாரும் பிரிக்க வேண்டாம். நானே பாத்துக்கிறேன்."

நாற்றுக்காரர் கொஞ்ச நேரம் ஸ்டீரிங்கையே தடவிக்கொண்டு நின்றார். "அன்னிக்கு நான் இடதுதான் போட்டேன்," என்றார் திடீரென்று. "இந்தக் கைதான் போட்டுச்சு. அப்படித்தான் ஞாபகம். ஆனா ராத்திரி படுத்தா, வலது போட்டுட்டு இடது பக்கம் ஒடிச்சிட்டோமோன்னு தோணிருது. வயசாச்சில்ல. நம்ம கைய நாமே எப்படி நம்புறது, சொல்லுங்க."

வயரிங்காரர் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க பெரியப்பா, மழை வருது," என்று மகள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். "உங்கள பண்ணை வீட்ல இறக்கிவிட்டுட்டு நான் கடைக்குப் போயிட்டுத்தான் வருவேன். அப்பா, அம்மாட்ட சொல்லிருங்க." இரண்டு பேரும் போனார்கள். கொட்டகையில் அவரும் தவளையும் மிச்சம்.

வண்டியின் பின்விளக்கைச் சோதிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து சுவிட்சைத் தள்ள வேண்டும். இன்னொருவர் பின்னால் நின்று சொல்ல வேண்டும். உள்ளே இருப்பவர் "இடது" என்று குரல் கொடுப்பார். பின்னால் நிற்பவன் "அடிக்குது" என்பான். "வலது." "அடிக்குது." அவ்வளவுதான், வேலை முடிந்தது, கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த வண்டி. எல்லாக் கொட்டகையிலும் இப்படித்தான். வயரிங்காரருக்குப் பின்னால் நின்று சொன்னது அவர் மனைவியின் தம்பி. பதினாலு வருஷம் நின்றான். வயர் உரிக்கும்போது பிளேடு பட்டு இடது கைச் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது அவனுக்கு. அந்த மொட்டை விரலில் எப்போதும் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றியிருப்பான். அதனால் ஊரெல்லாம் அவனுக்கு டேப்பு என்றே பெயர். வயரை ஒட்டுப்போட்டு டேப் சுற்றுவதும் அவன் வேலைதான். சுற்றி முடித்ததும் டேப்பின் நுனியை ஒரு நெல்மணி அகலத்துக்கு மடித்துவிடுவான். "அடுத்த தடவை பிரிக்கிறவன் நகத்தால நோண்டிக்கிட்டுக் கெடக்க வேண்டாம்ல, மாமா," என்பான். அப்படி ஒரு மனசு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இதே தவளைக்குப் பின்பக்க வயரை மாற்றினார்கள். பழைய வயர். நிறமெல்லாம் வெளுத்து, இடதும் வலதும் ஒரே சேற்று நிறத்தில் இருந்தன. வயரிங்காரர் அடியில் படுத்து இரண்டையும் முறுக்கினார். மேலே ஏறி உட்கார்ந்து "இடது" என்றார். "அடிக்குது, மாமா." "வலது." "அடிக்குது, மாமா." அவன் சொன்னதில் பொய்யில்லை. இரண்டும் அடிக்கத்தான் செய்தன. எந்தப் பக்கம் அடிக்கிறது என்று அவரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. யாரும் கேட்டதில்லை. கேட்கிற வழக்கமே இல்லை.

அன்று மாலை நாற்றுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். டேப்பு தன் பைக்கில் பின்னால் போனான், பண்ணையில் ஏதோ மோட்டார் பார்க்க. பண்ணை வாசல் வந்ததும் நாற்றுக்காரர் இடது சிக்னல் போட்டார். பின்னால் வலது அடித்தது. வண்டி வலப்பக்கம் ஒதுங்கப் போகிறது என்று நம்பி அவன் இடப்பக்கமாக முந்தினான். வண்டி இடப்பக்கம் திரும்பியது. வாசல் தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் அவன்.

சேதி கேட்டு வயரிங்காரர் ஓடிப் போனபோது அங்கே நின்ற போலீஸ்காரர், மறுநாள் மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்க்கிறவரை வண்டியை யாரும் தொடக்கூடாது என்றார். "நீங்க அவன் மாமாதானே, மெக்கானிக் வேற, வண்டிகிட்ட இருங்க" என்று அவரையே காவலுக்கு வைத்துவிட்டு, எல்லாரும் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பென்டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அவர் வண்டிக்கு அடியில் போனார். பார்த்தார். புரிந்தது. பத்து நிமிஷம்தான் ஆனது. இரண்டு வயரையும் வெட்டி, மாற்றி முறுக்கி, டேப்பைச் சுற்றி, மேலே சேற்றைப் பூசினார். மறுநாள் ஆய்வாளர் இடது போட்டால் இடது அடித்தது. வலது போட்டால் வலது. பின் சிக்னல் சரியாக இருந்தது என்று எழுதிவிட்டுப் போனார். தப்பு செத்தவன் தலையில் விழுந்தது. குடித்திருப்பான் என்றார்கள். ஒரு சொட்டுத் தொட்டவனில்லை.

அவனைத் தாயில்லாப் பிள்ளையாகத் தூக்கி வளர்த்த அக்காவே இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், "அவனுக்கு எப்பவும் அவசரம். அவசரத்துலேயே போனான்." அழுகைகூட இல்லை. செத்தவனோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

அதனால்தான் தவளையை வேறு யாரும் பிரிக்கக்கூடாது. பிரித்தால் அந்த வெட்டு தெரியும்.

வயரிங்காரர் பையில் இருந்த புது பிளாஷரை மாட்டினார். நாலு பல்பையும் மாற்றினார். ஹோல்டர்களில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததைச் சுரண்டினார். கோணியை விரித்துப் பின்பக்கம் அடியில் படுத்தார். எலிப்புழுக்கையும் ஈர மண்ணும் பழைய டீசலும் கலந்த வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை. நனைந்த சட்டையும், வேர்வையும், இன்சுலேஷன் டேப்பின் பசையும். கொட்டகையில் எல்லாமே டேப் வாடைதான் என்று மூக்கைத் துடைத்துக்கொண்டார். டார்ச்சை அடித்துத் தன் பழைய ஒட்டைத் தேடினார்.

இருந்தது. இரண்டு ஒட்டு. சேறு காய்ந்து உதிர்ந்திருந்தது. டேப்பின் நுனி ஒரு நெல்மணி அகலத்துக்கு மடித்துவிடப்பட்டிருந்தது.

அவர் அன்றைக்கு நுனியை மடிக்கவில்லை. அந்தப் பதற்றத்தில் மடிக்க யாருக்குத் தோன்றும்? பல்லால் கடித்து அறுத்தது கூட ஞாபகம் இருக்கிறது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு, மடங்கிப் போயிருக்கும், எலி இழுத்திருக்கும் என்று எதையோ சொல்லிக்கொண்டு வெளியே வந்து பேட்டரியை மாட்டினார்.

அவன் போன பிறகு அவர் பின்னால் யாரையும் நிறுத்துவதில்லை. பீரோவிலிருந்து கழற்றிய ஆளுயரக் கண்ணாடி ஒன்றைப் பின்சுவரில் சாய்த்து வைத்திருந்தார். வண்டியில் உட்கார்ந்தபடி உள்கண்ணாடியில் பார்த்தால், சுவர்க் கண்ணாடியில் பின்விளக்கு தெரியும். அதில் வண்டியின் இடப்பக்கத்துக்கு நேரான ஓரத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தார். இடது, வலது என்ற வார்த்தைகளை அவர் நம்புவதை விட்டு இரண்டு வருஷம் ஆயிற்று. துணிப் பக்கம், துணி இல்லாத பக்கம். அவ்வளவுதான்.

ஏறி உட்கார்ந்து சுவிட்சை இடப்பக்கம் தள்ளினார். துணி இல்லாத பக்கம் மஞ்சள் வெளிச்சம் அடித்தது.

இறங்கினார், அடியில் போனார், இரண்டு ஒட்டையும் பிரித்து மாற்றிப் போட்டார், ஏறினார். இப்போது துணிப் பக்கம் அடித்தது. அப்பாடா என்று இருந்தது. விளக்குக்கு மூடியை மாட்டித் திருகிவிட்டு, கடைசியாக ஒரு தடவை பார்ப்போம் என்று ஏறிச் சுவிட்சைத் தள்ளினார்.

துணி இல்லாத பக்கம்.

மறுபடியும் இறங்கினார். மறுபடியும் மாற்றினார். இந்தத் தடவை இடது வயரில் ஒரு வெள்ளை நூலைக் கட்டி மூன்று முடிச்சுப் போட்டார். டேப்பை வேண்டுமென்றே கோணல்மாணலாகச் சுற்றி, நுனியைக் கடித்து அறுத்தார். ஏறிப் பார்த்தார். சரி. இறங்காமல் அப்படியே உட்கார்ந்து, கண்ணை எடுக்காமல் கண்ணாடியையே பார்த்தார். அடித்தது, அணைந்தது, அடித்தது, அணைந்தது. துணிப் பக்கம்தான். கண் எரிந்து ஒரு தடவை இமைத்தார்.

துணி இல்லாத பக்கம்.

அடியில் போய்ப் பார்த்தபோது வெள்ளை நூல் மற்ற வயரில் இருந்தது. அதே மூன்று முடிச்சு. டேப் சீராக, சுருக்கமில்லாமல், கை தேர்ந்தவன் சுற்றிய மாதிரி இருந்தது. நுனி மடித்திருந்தது.

"வேண்டாம்டா மாப்ள," என்று அவர் வாய் தானாகச் சொன்னது. "என் பொண்ணுடா. நீ தூக்கி வளத்த பொண்ணு."

மழை மட்டும். வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால், பின்டயருக்கும் சுவர்க் கண்ணாடிக்கும் நடுவில் தரை காய்ந்து கிடந்தது. அதில் இரண்டு இடத்தில் மட்டும் ஈரம். ஒரு ஆள் கால் அகட்டி நின்றால் எவ்வளவு இடைவெளி இருக்குமோ அவ்வளவு.

எத்தனை தடவை மாற்றினார் என்று கணக்கு விட்டுப்போயிற்று. விரல் நுனியெல்லாம் செம்புக் கம்பி குத்தி ரத்தம் கசிந்தது. கடைசியில் ஏறி உட்கார்ந்து சுவிட்சைத் தள்ளியபோது உள்கண்ணாடியில் வெளிச்சம் முழுதாகத் தெரியவில்லை. விளக்குக்கும் கண்ணாடிக்கும் நடுவில் எதுவோ நின்று பாதி வெளிச்சத்தை மறைத்தது. அவர் தலையைத் திருப்பவில்லை. திருப்ப முடியவில்லை.

"முடிஞ்சுதா?"

தூக்கிவாரிப் போட்டது. மனைவி. கொட்டகையைப் பார்த்திருக்கும் அடுப்படிக் கதவில், மழைக்குச் சேலைத் தலைப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டியின் பக்கம் முகத்தைத் திருப்பாமல், அவரை மட்டும் பார்த்தாள். வண்டி வந்ததிலிருந்து அவள் வெளியே வரவே இல்லை.

"இன்னும் இல்ல."

"யாரோட பேசிட்டு இருந்தீங்க?"

"யாரோடயும் இல்லையே."

"அரிசி களைஞ்சிட்டு இருந்தேன். பின்னாடி நின்னு யாரோ அடிக்குது, அடிக்குதுன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு." தலைப்பை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொண்டாள். "அதே ராகம். ஒரு நிமிஷம் கையில இருந்த அரிசியக் கீழ போட்டுட்டேன்."

இப்போது சொல்லிவிடலாம். ஒரே ஒரு வாக்கியம். உன் தம்பி அவசரப்படல, நான் வயர மாத்திப் போட்டேன். பத்து வார்த்தைகூட இல்லை. தொண்டை வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தார். இரண்டு வருஷமாக அந்த முகத்தில் கோபம் மட்டும்தான் அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டால் அவள் எதன்மேல் சாய்வாள்? அவர்மேல் சாயமாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

"மழைச் சத்தமா இருக்கும்," என்றார்.

"இருக்கும்." அவள் உள்ளே திரும்பினாள். "செத்தும் அவசரம் போகல அவனுக்கு."

அந்த வார்த்தையோடு வண்டிக்கு அடியில் ஏதோ இற்று விழுந்த மாதிரி ஒரு சத்தம். பிறகு அமைதி.

வயரிங்காரர் முடிவுக்கு வந்தார். மனைவியிடம் சொல்ல முடியாது. நாற்றுக்காரரிடம் சொல்லலாம். வண்டியை இப்போதே கொண்டுபோய் அவர் கொட்டகையில் நிறுத்தி, சாவியைக் கையில் கொடுத்து, காலில் விழுந்தாவது சொல்லிவிட வேண்டும். உங்க கை இடதுதான் போட்டுச்சு, தப்பு என்னோடது, இத ஓட்டாதீங்க, உடைச்சுப் போடுங்க. அவரும் மனிதர்தானே. வீட்டுக்காரியிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினால் கேட்பார். நாளைக்கு மகள் இந்த வண்டிக்குப் பின்னால் போகாமல் இருந்தால் போதும். வேறு எதுவும் வேண்டாம்.

"வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வர்றேன்," என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"இந்த மழையிலயா? கோட்டாவது போட்டுட்டுப் போங்க!"

அதற்குள் கிளம்பிவிட்டார்.

பண்ணைக்கு இரண்டு மைல். கால்வாயை ஒட்டி ஒரே நேர்ச்சாலை. பொழுது சாய்ந்து, சாம்பலைக் கரைத்த மாதிரி வெளிச்சம் கொஞ்சம் மிச்சமிருந்தது. தவளையின் வைப்பர் ஒன்றுதான் ஓடியது. அது கண்ணாடியைத் துடைப்பதைவிடத் தேய்ப்பதுதான் அதிகம். தகரமெல்லாம் கடகடவென்று ஆடியது. இந்தச் சாலையில் திரும்பவே வேண்டியதில்லை, சிக்னல் போடவே வேண்டியதில்லை, பண்ணை வாசலுக்கு முன்னால் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு நடந்து போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டார். நினைத்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது. அதன் ரெக்சினில் ஈரம் படிந்திருந்தது. ஜன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும்.

பாதி தூரத்தில் பக்கக் கண்ணாடியில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. ஒற்றை விளக்கு. தூரத்தில் வந்தது.

பார்க்கக்கூடாது என்று நினைத்தார். பார்த்தார். விளக்கு நெருங்கிக்கொண்டிருந்தது. டேப்பின் பைக்கிலும் ஒற்றை விளக்குதான், எல்லா இரண்டு சக்கர வண்டியிலும் ஒற்றை விளக்குதான் என்று சொல்லிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார். தவளை முனகியதே தவிர வேகம் பிடிக்கவில்லை.

போன் அடித்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காதில் வைத்தார்.

"எங்க இருக்கீங்க?" மனைவி. "பாப்பா இப்பத்தான் கடையிலேர்ந்து வந்தா. நீங்க நனைஞ்சுட்டே போயிருக்கீங்கன்னு சொன்னேன். உங்க கோட்ட எடுத்துட்டு உங்க பின்னாடியே வர்றா. பின்னாடி பாருங்க."

அவர் பார்த்தார். ஒற்றை விளக்கு. நெருங்கிவிட்டது. விளக்குக்கு மேலே நீலமாக ஒன்று படபடத்தது. மகளின் மழைச்சட்டை.

"திரும்பிப் போகச் சொல்லு!" கத்தினார். "அவளுக்குப் போன் போடு. நிக்கச் சொல்லு, அங்கேயே நிக்கச் சொல்லு!"

"அவ போன் ஸ்கூட்டர் டிக்கியில கிடக்கும். ஏன், என்னாச்சு? என்னங்க?"

"உன் தம்பி மேல தப்பு இல்ல." வந்துவிட்டது. ஒரேயடியாக வந்துவிட்டது. "நான்தான் வயர மாத்திப் போட்டேன். இடதுக்கு வலது அடிச்சுது. அவன் சரியாத்தான் வந்தான். ராத்திரியோட ராத்திரியா நான்தான் திருப்பி மாத்தினேன். கேக்குதா? உன் தம்பி அவசரப்படல. கேக்குதா?"

போனில் மூச்சுச் சத்தம் கேட்டது. நீண்ட மூச்சு. அதற்குப் பின்னால் மழை. வீட்டு மழை இல்லை, இந்தச் சாலையின் மழை, இதே தகரத்தில் விழுகிற மழை. பிறகு குரல். மனைவியின் குரல் இல்லை.

"அடிக்குது, மாமா."

போன் நழுவிக் காலடியில் விழுந்தது.

டிக்.

அவர் சுவிட்சைத் தொடவில்லை.

டிக்... டிக்... டிக்...

டேஷ்போர்டில் பச்சை அம்பு எரிந்து அணைந்தது. இடப்பக்கம் பார்த்த அம்பு. வலது பக்கக் கண்ணாடியில், வண்டியின் வால்பக்கத்தில், மழைக்கோடுகள் மஞ்சளாகி மஞ்சளாகி மறைந்தன. பின்னால் வலது அடிக்கிறது. சுவிட்சைப் பிடித்து இழுத்தார். நடுவில் நின்றது. அடிப்பது நிற்கவில்லை.

முன்னால் இடப்பக்கம் பண்ணையின் மதில் ஆரம்பித்துவிட்டது. அது முடிகிற இடத்தில் வாசல். வாசலில் தூண். பாதி பழைய கல், பாதி புதுச் செங்கல்.

பிரேக்கை மிதித்தார். பெடல் அடிவரை போயிற்று. இரண்டாவது மிதி. அதுவும் போயிற்று. மூன்றாவது. எதுவும் பிடிக்கவில்லை.

ஒற்றை விளக்கு வலது கண்ணாடியிலிருந்து மெல்ல இடப்பக்கம் நகர்ந்தது. நல்ல பிள்ளை. சிக்னலைப் பார்த்து ஓட்டுகிற பிள்ளை. அவர்தான் சொல்லிக்கொடுத்தது. வண்டி வலப்பக்கம் போகப் போகிறது என்றால் இடப்பக்கம் ஒதுங்கு.

"வராதே! பாப்பா, வராதே!"

மழையில் யாருக்குக் கேட்கும்?

கை. கையைக் காட்டலாம். விளக்கு எல்லாம் வருவதற்கு முன்னால் எல்லாரும் கையைத்தானே காட்டினார்கள். இடது கையால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு, வலது கையை ஜன்னலுக்கு வெளியே தோள்வரை நீட்டி, உள்ளங்கையைப் பின்னால் விரித்து ஆட்டினார். நில். நில். நில். மழை கையில் ஊசியாகக் குத்தியது.

அவள் பார்த்திருப்பாள். பார்த்திருக்க வேண்டும். இடது கண்ணாடிக்குக் கண்ணைத் திருப்பினார்.

கண்ணாடியில் நீல மழைச்சட்டை தெரிந்தது. விளக்கு தெரிந்தது. அதற்கு முன்னால், பக்கத்து சீட்டின் ஜன்னலுக்கு வெளியே, இன்னொரு கை நீண்டிருந்தது. முழங்கை வரை நனைந்து, சேறு அப்பிய கை. சுட்டுவிரலில் கறுப்பு டேப். அந்தக் கை பின்னால் வருகிறவளைப் பார்த்து, அவசரமே இல்லாமல், வா என்று ஆட்டிக்கொண்டிருந்தது. வா. வா. இந்தப் பக்கமா தாண்டிப் போ.

விளக்கு வேகம் எடுத்தது.

டிக்... டிக்... டிக்...

அவர் இடது கையில் ஸ்டீரிங் மெதுவாக இடப்பக்கம் திரும்பியது. அவர் திருப்பவில்லை.